கடைசியா வாற விருந்தாளி

வாரும் மருமவனே, வாரும். ரெண்டு நாள் லீவு போட்டு, கழுத்து வளையுற கனத்துக்கு ஒரு கேமராவும் தூக்கிட்டு, சென்னையில இருந்து நாங்குநேரி வரைக்கும் வந்து இறங்கியிருக்கீரு. கூந்தன்குளத்துக் கரையில கால் வச்ச ஒடனே கேக்க மொதக் கேள்வி, “மாமா, வரித்தலை வாத்து எங்க?” என்னமோ நான் அதுவளைக் கக்கத்துல ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனப்பு. மாமன் எப்படி இருக்கேன்னு கேக்கலயேன்னு எனக்கு வருத்தம் கெடையாது வே. என் தலையில வரி இல்ல, நான் இமயமலையத் தாண்டல, என்னைப் படம் புடிச்சுப் போட்டா ஒருத்தனும் லைக்கு போட மாட்டான். உக்காரும். அந்தக் கல்லுல நாரை எச்சம் கெடக்கு. கெடக்கட்டும், உம்ம பேண்ட்டு என்ன வெலைன்னு நாரைக்குத் தெரியாது.

இன்னைக்குக் கார்த்திகை எத்தனைன்னு தெரியுமா? உமக்கு டிசம்பர்தான் தெரியும். அந்த வாத்துக்கு ரெண்டும் தெரியாது, ஆனா வாற நேரம் தெரியும். மார்கழிப் பனி இறங்கி, காலையில குளத்து மேல பொகை எழும்பணும். அப்பத்தான் பெரும்பாலும் அது தலையக் காட்டும். சில வருசம் தையி பொறக்கப் போற நேரத்துலயும் வரும். நம்ம குளத்துக்கு வாற வெளியூர்க்காரன்ல கடைசி ஆளு அவன்தான். நீரு பந்தல் போடுமுன்னே பந்திக்கு வந்துட்டு, எலை எங்கன்னு கேக்கீரு.

மொத ஆளு எப்ப வந்தான்னு கேளும், சொல்லுதேன். ஆடி முடியுமுன்னே உள்ளான் வந்துட்டு. பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிச் சகதி ஓரமா நடந்துச்சு. அப்பம் குளத்துல பாதி வெறுந்தரை, ஆடு மேச்ச பயலத் தவிர அதை யாரும் பாக்கல. ஆவணி, புரட்டாசியில தகைவிலான் வந்து கரண்டுக் கம்பியில வரிசையா உக்காந்துட்டு. நீலச்சிறகி வந்துட்டு. சூறைக்குருவி கூட்டங்கூட்டமா வந்து சாயங்காலமானா வானத்தையே சுழட்டி அடிச்சுது. ஐப்பசியில ஒரு ராத்திரி, நம்ம வீட்டுத் தார்சாவுக்குள்ள ஆறுமணிக்குருவி ஒண்ணு வந்து பொத்துன்னு விழுந்துச்சு. வடக்கே குஞ்சு பொரிச்சுட்டு, ராத்திரி ராத்திரியாப் பறந்து வந்த களைப்பு. உம்ம அத்தை கூடையப் போட்டு மூடி, பூனைய வெரட்டிவிட்டு, விடியக்காலம் கொல்லையில தொறந்து விட்டா. முதுகு பச்சை, செறகுல நீலம், வாலடியில ரத்தச் செவப்பு. மறுநாள் காலையில எங்கனயோ புதருக்குள்ள இருந்து கூப்பாடு போட்டுச்சு, நல்லா இருக்கேன்னு. மழை விழுந்து குளம் பெருகவும் ஊசிவாலன், தட்டைவாயன் எல்லாம் வந்து சேந்துச்சு.

அப்பல்லாம் நீரு எங்க இருந்தீரு? பேப்பர்ல ‘இமயமலையைத் தாண்டி வரும் அதிசயப் பறவை’ன்னு போட்டாத்தான் உமக்குத் தாய்மாமன் ஊரு எங்க இருக்குன்னு ஞாபகம் வருது. அதோ, உம்ம மூக்குக்கு நேரா தட்டைவாயன் ஒண்ணு அலகைத் தண்ணியில வச்சு வடிகட்டிக்கிட்டுப் போவுது. சைபீரியாவுல பொறந்ததாக்கூட இருக்கலாம். அதை ஒரு தடவை திரும்பிப் பாக்கக்கூடாதா? “அது லைஃபர் இல்ல மாமா”ன்னு சொல்லுதீரு. ஏற்கெனவே ஒருக்கப் பாத்தாச்சாம், கணக்குல ஏறாதாம். சரிதான். உம்ம பொண்டாட்டியவும் ஏற்கெனவே ஒருக்கப் பாத்தாச்சுல்லா, வீட்டுல போயி இதே மாதிரி சொல்லிப் பாரும்.

அந்த வாத்து ஏன் கடைசியா வருதுன்னு என் பேத்தி சொன்னா. காலேஜ்ல விலங்கியல் படிக்கா. உம்மள மாதிரி கேமரா கெடையாது, நோட்டுப் புத்தகம் உண்டு. உள்ளான் கூட்டத்துல பலது என்ன செய்யுமாம், வடகோடியில குஞ்சு ஓரளவு தேறுனதும் தாயி தகப்பன் முந்திக் கெளம்பிருமாம். குஞ்சு பொறவு தனியா வரும். வழி யாரும் சொல்லிக் குடுக்கல, ஒடம்புலயே எழுதிக் கெடக்கு. வரித்தலை வாத்து அப்படி இல்ல. மங்கோலியா, திபெத்து, நம்ம லடாக்கு ஏரிக்கரைன்னு அங்கங்க குஞ்சு பொரிக்கும். குஞ்சு வளருத நேரத்துலயே பெருசுகளுக்கும் பறக்குற எறகு எல்லாம் ஒரே மட்டாக் கொட்டிப் போவும். கொஞ்ச காலம் தாயும் பறக்காது, பிள்ளையும் பறக்காது. குடும்பம் மொத்தமும் தரையில. எறகு மொளச்சு, குஞ்சுக்கும் செறகு தெரண்ட பொறவுதான் பயணம். அதும் ஒரேயடியா இல்ல. திபெத்து மேட்டுல தங்கித் தங்கி, புல்லு மேஞ்சு, கொழுப்பு ஏத்தி, ஏரித்தண்ணி ஒறையப் போவுதுங்கிற நேரத்துல பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு தெக்க இறங்கும். பொறந்த வருசமே குஞ்சு இந்த வழியப் படிச்சிருது, தாயி தகப்பன் செறகுக்குப் பக்கத்துலயே பறந்து.

உம்ம மவனுக்கு எத்தனை வயசு? இந்தக் குளத்துக்கு வழி தெரியுமா அவனுக்கு? சும்மா கேட்டேன். மொறைக்காதேயும்.

எப்படி வந்தீரு? வந்தே பாரத்துலயா? நல்லது. எட்டு மணி நேரம், ஏசி, டிபன், குடிக்கத் தண்ணி. அப்படியும் இறங்கும்போதே “இடுப்பு போச்சு மாமா”ன்னீரு. இந்த வாத்து திரும்பிப் போவையில என்ன செய்யுதுன்னு கேளும். பேத்தி வாசிச்சுக் காட்டுனா. அது ஒடம்புல கருவி கட்டி விட்டுப் பாத்திருக்காவ. இந்தியப் பக்கத்து அடிவாரத்துல இருந்து கெளம்பி ஏழு, எட்டு மணி நேரத்துல மலையேறித் திபெத்து மேட்டுல போயி நிக்கு. பின்னால இருந்து காத்துத் தள்ளும்னு காத்துக்கிட்டு இருக்கல. ராத்திரி, இல்லைன்னா கருக்கல்ல பறக்கு. அந்நேரம் காத்து குளுந்து அடர்த்தியா இருக்கும், செறகுக்குப் பிடிமானம் கெடைக்கும். மூச்சுக்கும் கொஞ்சம் கூடக் கெடைக்கும். அதோட ரத்தத்துல இருக்க செவப்பு சமாச்சாரமே நம்மளுது மாதிரி இல்லையாம், கொஞ்சம் காத்துலயும் ஆக்சிஜனை இறுக்கிப் புடிச்சுக்கிடுமாம்.

இன்னொரு சங்கதி. எவரெஸ்ட்டு உச்சிக்கு மேலயே பறந்துச்சுன்னு ரொம்ப காலமா ஒரு கதை உண்டு. 1953-ல அந்தச் சிகரத்துக்குப் போன கூட்டத்துல ஒருத்தரே பாத்தேன்னு சொன்னதாச் சொல்லுவாவ. நீரும் அதைத்தான படத்துக்குக் கீழ எழுதப் போறீரு? எழுதுமுன்னே கேளும். கருவி கட்டிப் பாத்ததுல கெடைச்ச உச்சம் 7,290 மீட்டர். அதும் என்னைக்கோ ஒரு நாள். பெரும்பாலும் 5,500-க்குக் கீழதான். 2015-ல வந்த ஆராய்ச்சி இன்னும் வேடிக்கை. உசரத்துலயே நேராப் பறந்தாத்தான் லேசுன்னு நாம நெனப்போம். அது அப்படிச் செய்யல. மலை ஏறுனா ஏறுது, பள்ளம் வந்தா தானும் இறங்குது. மலை ஒடம்பை ஒட்டிக்கிட்டே மேலும் கீழும் போவுது. ஏறுன உசரத்தை வீணா இறக்கிட்டு மறுபடி ஏறுதேன்னு பாக்கவனுக்குத் தோணும். ஆனா காத்து மெலிஞ்ச எடத்துலயே நின்னு செறகடிக்கதுக்கு அதைவிடச் செலவு கூட. அதான் இறங்கித் தாழ்வுல பறந்து மிச்சம் புடிக்கு. உசரத்துலயே நிக்கணும், இறங்குனா மரியாதை போயிரும்னு நெனக்கவன்லாம் ஆபீஸ்லதான் இருக்கான் வே, வானத்துல இல்ல.

சரி, குளத்தைப் பாரும் கொஞ்சம். நீரு வந்ததுல இருந்து வானத்தையே பாக்கீரு. பறவை வாறது வானத்துக்கு இல்ல. இந்தச் சகதிக்கு. மணிமுத்தாத்துத் தண்ணியும் வடகெழக்கு மழையும் சேந்து நெறைக்க குளம் இது. நடுவுல கருவேல மரம் நிக்கு பாத்தீரா, அதுல கூழைக்கடாவும் நாரையும் தை, மாசியில கூடு கட்டிக் கெடக்கும். மரம் பத்தலைன்னா ஊருக்குள்ள வரும். வேப்பமரம், புளியமரம், எங்க கெடைக்கோ அங்க. கீழ கட்டில் போட்டுப் படுத்தவன் தலையில மீனு விழும், மத்ததும் விழும். அந்த நாத்தத்துக்கு உம்மால ஒரு ராத்திரி படுக்க முடியாது. எங்க வீட்டுப் பொம்பளையளு வேட்டி துணியைக் காயப்போட எடம் தேடி அலைவாளுவ. ஆனாலும் மரத்தை வெட்டுன்னு ஒருத்தியும் சொன்னதில்ல. எச்சம் கரைஞ்ச குளத்து வண்டல் வயலுக்குப் போனா நெல்லு எப்படி நிக்கும்னு அவளுவளுக்குத் தெரியும். இதுல தர்மமும் உண்டு, கணக்கும் உண்டு. தர்மத்தை மட்டும் பேப்பர்ல எழுதுவான்.

தீவாளிக்கு இந்த ஊருல வெடி கெடையாது. நீரு சின்னப்பிள்ளையா வந்தப்ப ஓலைவெடி கேட்டு அழுது பொரண்டீரு, மறந்துட்டீரா? உம்ம அப்பன் நாங்குநேரிக்குக் கூட்டிட்டுப் போயி வெடிக்க வச்சுக் கூட்டியாந்தான். கூட்டுல இருந்து விழுந்த குஞ்சுக்கு மீனை ஊட்டி வளத்த பால்பாண்டி கதையெல்லாம் பேப்பர்ல வந்திருக்கு. ஊரு இப்படி ரொம்ப காலம் இருந்த பொறவுதான் 1994-ல சர்க்கார் வந்து சரணாலயம்னு பலகை நட்டுச்சு. 2022-ல ராம்சர் பட்டியல்லயும் சேத்தாச்சுன்னு அறிவிச்சாவ. ராம்சர்ங்கது ஈரான்ல ஒரு ஊரு. 1971-ல அங்க கூடி ஈரநிலத்தைக் காப்பாத்தணும்னு ஒப்பந்தம் போட்டாவ. அன்னைக்கு எங்க ஆளுவளக் கூப்பிட்டிருந்தா, துணி காயப்போடுறதைப் பத்தியும் ஒரு வரி சேத்திருப்போம்.

இதைச் சொல்லி நாங்க யோக்கியம்னு பீத்திக்கிடல. கண்ணி வச்சுக் கொக்கும் உள்ளானும் புடிச்ச ஆளுவ இந்தச் சீமையிலயும் உண்டு. ஆனா மனுசன் மாறுவான். நாகாலாந்துல பாங்டின்னு ஒரு ஊரு. ஆப்பிரிக்காவுக்குப் போற வழியில அமுர் வல்லூறு ஐப்பசி வாக்குல லட்சக்கணக்குல அங்க தங்கும். 2012 வரைக்கும் வலை வச்சு மூட்டை மூட்டையாப் புடிச்சுத் தின்னாவ, வித்தாவ. மறு வருசமே நிறுத்திட்டாவ. வேட்டையாடுன கையே காவலுக்கு நின்னுச்சு. அதைக் கேட்டதுல இருந்து உம்ம மேலயும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு.

என்ன, செவந்த சட்டை போட்டிருக்கீரு? தேர்தல் ஊர்வலத்துக்கா? குளத்துல உள்ள அத்தனை உருப்படிக்கும் நீரு வாறது தெரிஞ்சுட்டு. பறவையப் பாக்கக்கூடாதுன்னு ஒருத்தன் நேந்துக்கிட்டு வந்தா என்னென்ன செய்யணுமோ, அம்புட்டையும் காலையில இருந்து செஞ்சு முடிச்சுட்டீரு. விடியக்காலம் வரச் சொன்னா, பத்து மணிக்கு வந்தீரு. வாடகைக் கார் கதவை டமார்னு சாத்துனீரு. சூரியனுக்கு நேரா நின்னுக்கிட்டு, எல்லாம் கருப்பாத் தெரியுதுன்னு சூரியனைக் குத்தம் சொன்னீரு. பறக்க மாதிரி படம் வேணும்னு மேலத்தெருப் பயகிட்டக் கல்லெறியச் சொன்னீராமே? அந்தப் பய என்கிட்ட வந்து, “தாத்தா, சென்னை மாமாவுக்குப் புத்தி சரியில்லையா?”ன்னு கேக்கான். நான் என்ன பதில் சொல்ல?

ஒண்ணு தெரிஞ்சுக்கிடும். இந்த வரித்தலை வாத்து வந்த பொறவு ராத்திரியிலதான் பெரும்பாலும் மேயப் போவும். புல்லு, அறுத்த வயல்ல செதறிக் கெடக்க மணி, இளம் பயிருன்னு மேஞ்சுட்டு, விடிஞ்சதும் குளத்துக் கரையில வந்து ஒத்தைக் கால்ல நின்னு தூங்கும். பகல்ல சும்மாதான நிக்குன்னு நீரு நெனப்பீரு. அமெரிக்காக்காரனுக்கு ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு நீரு பகல்ல படுத்திருக்கையில, காலிங் பெல் அடிச்ச கூரியர்க்காரனை என்ன பேச்சுப் பேசுனீருன்னு உம்ம பொண்டாட்டி என்கிட்டச் சொல்லியிருக்கா. ஒவ்வொரு தடவை நீரு எழுப்பிப் பறக்க விடும்போதும், அது திரும்பிப் போறதுக்குச் சேத்து வச்ச கொழுப்புல இருந்துதான் செலவழிக்கு. உம்ம அஞ்சு நொடி வீடியோவுக்கு அது பங்குனியில கடன் கட்டணும்.

அதனால கேமராவைப் பைக்குள்ள வையும். வேண்டாம்னு சொல்லல, பொறவு எடும். நாளைக்கு விடியுமுன்னே கெழக்குக் கரைக்கு வாரும், வெயிலு முதுகுப் பக்கம் இருக்கணும். மண்ணு நெறத்துல ஒரு துண்டு தாறேன், போத்திக்கிடும். பறவையப் பாத்து நேரா நடக்காதேயும். ஆடு மேய்க்கவன் நடப்பான் பாரும், எங்கயோ போறவனா, அதைப் பாக்காதவனா. அவனுக்குப் பத்தடியில நிக்க வாத்து உமக்கு நூறடியில எழும்புது. பொறவு உக்காரும். கால் மரத்துப் போவும், கொசு கடிக்கும், போனு சிணுங்கும். சிணுங்கட்டும். கொஞ்ச நேரத்துல குளம் உம்மள மறந்துரும். அதுக்கு மேல என்ன தெரியும்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் உமக்கு ஓசியிலயா குடுக்க முடியும்?

ட்ரோனு கொண்டாந்திருக்கீரா? அதை எங்க வச்சிருக்கீரு? டிக்கியிலயா? டிக்கியிலயே இருக்கட்டும். சரணாலயத்துல அனுமதி இல்லாம அதைப் பறக்க விட்டா வனத்துறைக்காரன் வந்து உம்மளப் புடிப்பான். நான் ஜாமீன் குடுக்க வர மாட்டேன், எனக்குச் சிரிக்கவே நேரம் பத்தாது.

வாத்து இப்ப வரல. அதுக்காவ மொகத்தைத் தொங்கப் போடாதேயும். தையில பொங்கலை ஒட்டி தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். மணிமுத்தாறுல இருக்க அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்துக்காரங்க 2011-ல இருந்து நடத்துதாவ. குளங்குளமாப் போயி எண்ணுவாவ. காலேஜ் பிள்ளைய, வாத்தியாருமாரு, ரிட்டயர்டு ஆளுவ எல்லாம் வருவாவ. விசயநாராயணம் பெரிய குளத்துல எத்தனை, நம்ம குளத்துல எத்தனைன்னு நோட்டுல ஏறும். கூந்தன்குளம் நெறஞ்சு தண்ணி ஆழமாப் போனா, ஓரச் சகதி தேடுத பறவை எல்லாம் பக்கத்துக் குளத்துக்குப் பிரிஞ்சு போயிரும். அதைப் பாக்காம, இந்த வருசம் பறவையே வரலன்னு எழுதுதவனும் உண்டு. அந்நேரம் வரித்தலை வாத்தும் இருக்கும். கழுத்துல பட்டை கட்டுனது ஏதாவது கண்ணுல பட்டா, அதுல உள்ள எழுத்தைக் குறிச்சுக்கிடும். மங்கோலியாவுல பட்டை கட்டி விட்ட வாத்தைத் தென்னிந்தியக் குளத்துல பாத்துச் சொல்லியிருக்காவ. எந்த வாத்து எங்கருந்து வந்துச்சுன்னு அப்படித்தான் தெரியுது. அதுக்கு முந்தி வெள்ளைக்காரன் பட்ட பாட்டைக் கேட்டா சிரிப்பீரு. குளுருக்குக் குருவி எங்க போவுதுன்னு தெரியாம, சகதிக்குள்ள தூங்குதுன்னு ஒருத்தன், நெலாவுக்குப் போவுதுன்னு ஒருத்தன். 1822-ல ஜெர்மனியில ஒரு நாரை கழுத்துல ஆப்பிரிக்கா ஈட்டி குத்துனபடி வந்து எறங்குன பொறவுதான் நம்புனான்.

என் பேத்தி நோட்டுல தினமும் எழுதுதா, யாரு வந்தா, எப்ப வந்தா, எத்தனைன்னு. கொஞ்சம் முந்தி எட்டிப் பாத்தேன். ஊசிவாலன், தட்டைவாயன் எல்லாம் எழுதிட்டு, கடைசி வரியில ‘சென்னை மாமா: எண்ணிக்கை 1. குஞ்சு இல்லாமல் வந்தது. ரொம்ப அரிது’ன்னு எழுதி வச்சிருக்கா. நான் சொல்லிக் குடுக்கல வே, சத்தியமா. அந்த வரியத் திருத்தணும்னா பொங்கலுக்கு மவனையும் கூட்டிட்டு வாரும். என்ன, டிக்கெட்டு கெடைக்காதா? அறுவது நாளைக்கு முந்தியே போட்டிருக்கணும்னு வாத்துக்குத் தெரிஞ்சிருக்கு, உமக்குத் தெரியல. தட்கால் ஏசிக்குக் காலையில பத்து மணிக்குத் தொறக்கும். அந்நேரமாவது முழிச்சு இரும்.